38 வயசுல பல்லுக்கு கிளிப் போட்டேன், டாக்டரைத் தேடுறதுக்கே நாலு மாசம் ஆச்சு

எனக்கு இப்ப 40 வயசு, திருச்சில ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்கேன். 38ல பல்லுக்கு கிளிப் போட்டு 23 மாசம் கழிச்சு போன டிசம்பர்லதான் கழட்டினேன். இந்த ரெண்டு வருஷத்துல ஸ்டாஃப் ரூம்ல இருக்குறவங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க, புள்ளைங்கள கூட்டிட்டு வர்ற அம்மாமாருங்கன்னு நிறைய பேர் குரலைத் தாழ்த்தி "எங்க மேடம் போட்டீங்க, எவ்வளவு ஆச்சு"ன்னு கேட்டுட்டாங்க, எல்லாருமே 30, 35, 45 வயசுக்காரங்க. யார்கிட்ட போடுறதுன்னு எப்படி முடிவு பண்ணேங்கறதுதான் அவங்ககிட்ட நான் சொல்ல ஆசைப்பட்டது, அத நின்ன இடத்துல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

சின்ன வயசுலேருந்தே எனக்கு தெத்துப்பல்லு. லால்குடி பக்கம் கிராமம், வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைங்க, பல்லுக்கு கம்பி போடுறதெல்லாம் யாரு யோசிப்பா, அப்பாயி தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்னு சொல்லிட்டாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. 30 தாண்டினதும் கீழ் வரிசை முன்பல்லு இன்னும் நெருக்க ஆரம்பிச்சுது, ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்கும், கீரை சாப்பிட்டா மாட்டிக்கும், பிரஷ் உள்ள போகாது. ஒரு தடவ பல்லு சுத்தம் பண்ற ஸ்கேலிங்குக்குப் போனப்ப அங்க இருந்த டாக்டர் கண்ணாடி வச்சு காட்டினாரு, மேல் முன்பல்லுக்குப் பின்னாடி ஈறுல கீழ்ப்பல்லு குத்திக் குத்தி தடமே பதிஞ்சிருந்துச்சு. மேல்பல்லு கீழ்ப்பல்ல மொத்தமா மூடிக்குதும்மா, இதுக்கு டீப் பைட்னு பேரு, இப்படியே விட்டா பல்லும் தேயும் ஈறும் போகும்னாரு. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காம சொல்லிடுறேன், என் கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோல கூட நான் பல்லு தெரிய சிரிக்கல. 20 வருஷமா வாய மூடித்தான் சிரிச்சிருக்கேன், அத மாத்தணும்னு ஆசைப்பட்டேன், அந்த ஆசைல தப்பு ஒன்னும் இருக்குறதா எனக்குத் தோணல.

அம்மாகிட்ட சொன்னதும் "ஏன்டி, பொண்ணு வயசுக்கு வர்ற நேரத்துல உனக்கு எதுக்குடி கிளிப்பு"ன்னாங்க. வீட்டுக்காரர் மட்டும் பணத்த நான் பாத்துக்குறேன், நீ டாக்டர ஒழுங்கா பாருன்னாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் நான் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கங்க, எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. பல் டாக்டர்னா எல்லாரும் பி.டி.எஸ். படிச்சிருப்பாங்க, அது இன்டர்ன்ஷிப்போட அஞ்சு வருஷம். பல்ல நகர்த்துறத மட்டுமே தனியா இன்னும் மூணு வருஷம் படிச்சு எம்.டி.எஸ். வாங்குனவங்கதான் ஆர்த்தோடான்டிஸ்ட். போர்டுல எம்.டி.எஸ்.னு இருந்தா மட்டும் போதாது, ஏன்னா ஈறுக்கு தனி எம்.டி.எஸ்., வேர் சிகிச்சைக்கு தனி, பல் கட்டுறதுக்கு தனி. எதுல எம்.டி.எஸ்.னு கேக்கணும். சில பேர் ஒரு சின்ன கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட்ட பெருசா ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருப்பாங்க, பாத்தா நமக்கு வித்தியாசம் தெரியாது. கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க, ஒழுங்கா படிச்சவங்க யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. ஒவ்வொரு டாக்டருக்கும் மாநில டென்டல் கவுன்சில்ல ரிஜிஸ்டர் நம்பர் உண்டு, அதையும் கேக்கலாம்.

நான் போனது மொத்தம் நாலு இடம்.

முதல் இடம் விளம்பரம் பாத்து போனது, இலவச கன்சல்டேஷன்னு போட்டிருந்தாங்க. ஏசி, சோபா எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ஒரு பேனா மாதிரி கேமராவ வாய்க்குள்ள விட்டு ஸ்கேன் எடுத்தாங்க, பத்து நிமிஷத்துல டிவில என் பல்லு, ஒவ்வொன்னா நகர்ந்து நேராகுற வீடியோ ஓடுச்சு. உண்மையச் சொல்றேன், கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. அப்புறம் ஒரு பொண்ணு வந்து உக்காந்து அலைனர், அதாவது பல்லு மேல கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை, 1,40,000, இன்னிக்கே புக் பண்ணா 20,000 குறைச்சுக்கலாம், இஎம்ஐ இருக்குன்னு சொல்லுச்சு. நீங்க டாக்டராம்மான்னு கேட்டேன், இல்ல மேடம் நான் கோஆர்டினேட்டர், டாக்டர் பிளான ஆன்லைன்ல பாத்துடுவாங்கன்னுச்சு. ஒரு எக்ஸ்ரே எடுக்கல, ஈறத் தொட்டுக் கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் எனக்கு ஒறைச்சுது, அந்த வீடியோல தெரிஞ்சது பல்லோட மேல் பாகம் மட்டும்தான், நகரப்போற வேரும் அத புடிச்சிருக்குற எலும்பும் அந்த ஸ்கேன்ல தெரியவே தெரியாது.

அலைனரே மோசம்னு நான் சொல்லல. என் கூடப் படிச்சவ ஒருத்தி சென்னைல ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட அலைனர் போட்டு நல்லா வந்திருக்கு. ஆனா ஒரு நாளைக்கு 22 மணி நேரம் மாட்டணும், டீ காபி குடிக்கணும்னா கூட கழட்டணும், அவ அத ஒழுங்கா பண்ணா. டாக்டர பாக்காமலே வீட்டுக்கு அனுப்புற அலைனர நம்புனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அமெரிக்கால பாத்தோமே, ஸ்மைல் டைரக்ட் கிளப்னு பெரிய கம்பெனி, 2023 டிசம்பர்ல மூடிட்டாங்க, பாதி டிரீட்மென்ட்ல இருந்தவங்கள உங்க ஊர் பல் டாக்டரப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. பல்லு பாதி வழில நிக்குறப்ப கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் யாருன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தெரியணும்.

ரெண்டாவது எங்க குடும்ப டாக்டர், ரொம்ப நல்ல மனுஷன், என் பொண்ணோட பால் பல்லெல்லாம் அவர்தான் எடுத்தாரு. 38,000 சொன்னாரு, நாலு இடத்துல இதுதான் கம்மி. நீங்களே போடுவீங்களா சார்னு கேட்டேன், இல்லம்மா கன்சல்டன்ட் மாசத்துக்கு ரெண்டு நாள் வருவாரு, அவர்தான் போடுவாருன்னாரு. இப்படி வெளிய இருந்து வந்து போடுறது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான், அதுல தப்பில்ல, வர்றவரு பெரும்பாலும் முறையா படிச்ச ஆர்த்தோடான்டிஸ்டா இருப்பாரு. நான் கேட்டது, போடுறதுக்கு முன்னாடி அவர ஒரு தடவ பாத்து பேசலாமான்னு. அதுக்கு நேரம் அமையவே இல்ல. எங்க ஸ்கூல் கணக்கு டீச்சருக்கு வேற ஒரு இடத்துல இப்படித்தான் போட்டாங்க, ஒன்றரை வருஷத்துல மூணு கன்சல்டன்ட் மாறிட்டாங்க, மூணாவதா வந்தவரு பல்லுல கம்பிய புடிச்சுக்க முதல்ல ஒட்டுன சின்னச் சின்ன பிராக்கெட்டெல்லாம் பொசிஷன் சரியில்லன்னு கழட்டி திரும்ப ஒட்டினாரு, அவங்களுக்கு கிட்டத்தட்ட நாலு வருஷம் இழுத்துடுச்சு. அது மனசுல இருந்ததால குடும்ப டாக்டர்கிட்ட பக்குவமா சொல்லிட்டு வந்துட்டேன்.

மூணாவது இடத்துல நிஜமாவே அனுபவம் உள்ள ஆர்த்தோடான்டிஸ்ட், ஆர்த்தோல எம்.டி.எஸ்., வெளிய 15 பேர் காத்திருக்காங்க. எக்ஸ்ரே பாத்தாரு, நாலு பல்லு எடுக்கணும், மேல கீழ ரெண்டுலயும் பல்லு கலர்ல இருக்குற செராமிக் பிராக்கெட், ஃபுல் செராமிக் போட்டுடலாம், ரெண்டு வருஷம்னு ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டாரு. ஏன் சார் நாலு பல்லுன்னு கேட்டேன், இடம் வேணும்லன்னாரு. பல்லு எடுக்குறதே தப்புன்னு சில பேர் பயமுறுத்துவாங்க, அது சரியில்ல, இடம் பத்தாதவங்களுக்கு எடுத்துத்தான் ஆகணும், என் தங்கச்சி பையனுக்கு எடுத்துப் போட்டு அழகா வந்திருக்கு. ஆனா நல்லா இருக்குற நாலு பல்ல குடுக்கப்போறவளுக்கு அதுக்கான காரணத்த ஒரு பத்து நிமிஷம் உக்காந்து சொல்லணும்ல, மாசா மாசம் ரெண்டு வருஷம் போகப்போற இடம், முதல் நாளே கேள்வி கேக்க வாய் வரலன்னா நடுவுல ஏதாவது வலின்னா எப்படிப் போய் சொல்லுவேன்னு தோணுச்சு.

இங்க என்னோட ஒரு கவலையையும் சொல்லணும். நான் தினம் அஞ்சாறு பீரியடு பேசுறவ, அதுவும் தமிழ். த, ந சொல்றப்ப நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி அடில போய் ஒட்டணும், அண்பல்னு பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறோமே அந்த இடம். ட, ண, ள, ழ எல்லாத்துக்கும் நாக்கு மேல மடங்கி அண்ணத்துக்குப் போகணும். பல்லுக்குப் பின்னாடி ஒட்டுற லிங்குவல் கிளிப்னா த, ந பிறக்குற இடத்துலயே போய் கம்பி உக்காந்துக்கும், அண்ணத்துல பிளேட்டுன்னா ழ மாட்டிக்கும். நாலு இடத்துலயும் இத கேட்டேன். முதல் இடத்துல அதெல்லாம் பழகிடும் மேடம்னாங்க. குடும்ப டாக்டர் கன்சல்டன்ட்கிட்ட கேட்டு சொல்றேன்னாரு. மூணாவது இடத்துல சிரிச்சாரு. நாலாவது இடத்துல அந்த டாக்டர் பேனாவ கீழ வச்சுட்டு, எங்க, த ந சொல்லுங்கன்னு கேட்டாங்க.

அவங்க தில்லைநகர்ல சின்னதா ஒரு கிளினிக் வச்சிருக்காங்க, ஆர்த்தோல எம்.டி.எஸ்., வேற வேலை எதுவும் பாக்குறதில்ல, பல்லு அடைக்கணும்னா கூட வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. முதல் நாள் முக்கால் மணி நேரம் உக்கார வச்சாங்க. சுகர் இருக்கா, எலும்புக்கு மாத்திரை எதாவது எடுக்குறீங்களா, ராத்திரி பல்லு கடிக்கிறீங்களா, அடுத்த குழந்தைக்கு பிளான் இருக்கான்னு வரிசையா கேட்டாங்க, வேற யாரும் இதெல்லாம் கேக்கவே இல்ல. மொத்த பல்லும் தெரியுற ஓ.பி.ஜி., பக்கவாட்டுல தலை எலும்பு தெரியுற செஃப் எக்ஸ்ரே, பல்லு அச்சு, போட்டோ எல்லாம் எடுத்தாங்க. அப்புறம் ஒரு மெல்லிசு கம்பி, அதுல கோடு போட்டிருக்கும், அத ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு பல்லா அளந்தாங்க. கீழ் முன்பல்லுல ஆழம் அதிகமா இருந்துச்சு, ரத்தமும் வந்துச்சு. ஓ.பி.ஜி.ய லைட்டுல வச்சு காட்டினாங்க, அந்த இடத்துல எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கு.

அப்ப சொன்னாங்க, இப்ப நான் உங்களுக்கு கிளிப் போட மாட்டேன் டீச்சர்னு. பல்லு நகர்றதே அத சுத்தி இருக்குற எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சு இன்னொரு பக்கம் புதுசா உருவாகுறதாலதான், ஈறுல நோய் இருக்குறப்ப கம்பி போட்டு இழுத்தா எலும்பு இன்னும் வேகமாப் போயிடும், முதல்ல ஈறு டாக்டர்கிட்ட போய் சரி பண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்ப அளந்து பாத்து முடிவு பண்ணலாம்னாங்க. அன்னிக்கு வாங்குனது கன்சல்டேஷன் ஃபீஸும் எக்ஸ்ரே காசும் மட்டும்தான். கையில 60,000 ரூபாயோட வந்து உக்காந்திருக்குறவள திருப்பி அனுப்புனாங்க. படி இறங்குறப்பவே முடிவு பண்ணிட்டேன், போட்டா இவங்ககிட்டதான்னு.

மூணு மாசம் கழிச்சு போனப்ப ரத்தம் வர்றது நின்னிருந்துச்சு. பிளான் ரெண்டு விதமா எழுதிக் காட்டினாங்க. ஒன்னு நாலு பல்லு எடுக்குறது, ஆனா உங்களுக்கு ஏற்கனவே கடி ஆழம், எடுத்தா அத தூக்குறது இன்னும் கஷ்டமாகும்னாங்க. இன்னொன்னு பல்லு எடுக்காம, கீழ்ப்பல்லு ஓரங்கள்ல மட்டும் மெல்லிசா தேய்ச்சு இடம் உண்டாக்கி, வரிசைய கொஞ்சம் முன்னாடி கொண்டு வர்றது. முடியாதது என்னன்னும் சொன்னாங்க. கீழ்த்தாடை கொஞ்சம் பின்னாடி இருக்கு, சின்னப் புள்ளைன்னா வளர்ச்சிய வச்சு ஏதாவது பண்ணலாம், உங்க வயசுல ஆபரேஷன் பண்ணாத்தான் தாடை மாறும், அது உங்களுக்கு அவசியமில்ல. பல்லு நேரானதும் கீழ்ப்பல்லுக்கு நடுவுல ஈறு பக்கம் சின்ன கறுப்பு முக்கோணமா இடைவெளி தெரியலாம், ஏன்னா ஈறு ஏற்கனவே இறங்கியிருக்கு. இன்னிக்கு எனக்கு அந்த முக்கோணம் ரெண்டு இருக்கு. முன்னாடியே சொல்லியிருந்ததால எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

மூணாவது இடத்துல ஃபுல் செராமிக்னு சொன்னாங்கல்ல, இவங்க மேல செராமிக், கீழ மெட்டல்னாங்க. காரணம் கேட்டேன். செராமிக் பிராக்கெட் பல்லோட எனாமல விட கெட்டி, உங்களுக்கு மேல்பல்லு கீழ வந்து அது மேலதான் இடிக்கும், மேல்பல்லு தேஞ்சு போயிடும்னாங்க. ரூட் கெனால் பண்ணி கேப் போட்ட ஒரு கடைவாய்ப் பல்லு இருக்கு, கேப்ல பிராக்கெட் சரியா ஒட்டாதுன்னு அதுக்கு மட்டும் வளையம் போட்டாங்க. நம்ம வயசுல வாய்க்குள்ள இப்படி பழைய வேலை ஏதாவது இருக்கத்தான் செய்யும், அத கவனிக்கிறவங்களான்னு பாருங்க.

பணம் 65,000, ஈறு வைத்தியம் தனியா 9,000. முதல்ல 20,000 கட்டுனேன், மீதிய மாசா மாசம் போறப்ப குடுத்தேன். இதுல நான் பிடிவாதமா இருந்தேன், ஏன்னா ஃபைனான்ஸ் கம்பெனி இஎம்ஐன்னா கிளினிக்குக்கு முழுப் பணமும் முதல்லயே போயிடும், நடுவுல நமக்கு ஒத்து வரலன்னாலும் கடன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். 65,000ல என்னென்ன அடக்கம்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குனேன், பிராக்கெட் உடைஞ்சா காசா, நடுவுல எடுக்குற எக்ஸ்ரே, கடைசில பல்லு திரும்ப நகராம புடிச்சு வைக்குற ரீடெய்னர், கழட்டுறதுக்கு தனியா உண்டான்னு எல்லாம். சில இடத்துல விலை கம்மியா தெரியும், ரீடெய்னருக்கு தனியா பெரிய தொகை வரும். எக்ஸ்ரே, பிளான் ரெண்டுக்கும் காப்பியும் கேட்டு வாங்கிக்கங்க, நாளைக்கு டிரான்ஸ்ஃபர் வந்து வேற ஊருக்குப் போனா அங்க இருக்குற டாக்டருக்கு அது இல்லாம ஒன்னும் ஓடாது.

இவ்வளவு பணம் முடியாதவங்க பல் மருத்துவக் கல்லூரிய யோசிச்சுப் பாருங்க, என் ஸ்டூடன்ட் ஒருத்தியோட அக்கா சென்னைல கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரிலதான் போட்டுக்கிட்டா. எம்.டி.எஸ். படிக்கிறவங்க போடுவாங்க, மேல ஒரு புரொஃபசர் பாத்துக்கிட்டே இருப்பாரு. செலவு ரொம்பக் கம்மி, ஆனா பாதி நாள் அங்கயே போயிடும், வேலைக்கு லீவு போடணும். போடுறவங்க மூணு வருஷப் படிப்பு முடிஞ்சா கிளம்பிடுவாங்க, அதனால எந்த வருஷத்துல இருக்குறவங்க கையில நம்ம கேஸ் போகுதுன்னு கேட்டுக்கணும்.

போட்டதுக்கு அப்புறம் நடந்தத சுருக்கமா சொல்றேன். முதல் நாளே மேல் முன்பல்லுக்குப் பின்னாடி சின்ன மேடு மாதிரி ரெண்டு வச்சாங்க, கீழ்ப்பல்லு அதுல வந்து முட்டி நிக்கும், கடைவாய்ப் பல்லு ஒட்டவே ஒட்டாது. மெல்ல முடியாது, ரெண்டு வாரம் குழைஞ்ச ரசம் சாதமும் இட்லியும்தான். அந்த மேடு இருக்குறது அண்பல்லுலதான், த கொஞ்சம் பிசகி வரும், பத்து பதினஞ்சு நாள்ல நாக்கு பழகிடும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க, அதனால மொத நாள் கிளாஸ்லயே பசங்ககிட்ட சொல்லிட்டேன், அவங்களும் நல்லபடியா எடுத்துக்கிட்டாங்க. பிராக்கெட்டுல போடுற கலர் இல்லாத ரப்பர் வளையம் நம்ம சாம்பார் மஞ்சளுக்கு மூணே நாள்ல மஞ்சளாயிடும், அடுத்த தடவ சாம்பல் கலர் கேட்டு வாங்கிக்கிட்டேன். கிளினிக் சாயங்காலம் எட்டரை வரைக்கும் இருந்தது எனக்குப் பெரிய உதவி, ஸ்கூல் முடிஞ்சு ஸ்ரீரங்கத்துல வீட்டுக்குப் போற வழில இறங்கிப் பாத்துட்டுப் போயிடுவேன். மாசம் ஒரு தடவன்னு 23 மாசம், தூரமா இருந்திருந்தா கண்டிப்பா நடுவுல விட்டிருப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமை கம்பி நுனி கன்னத்துல குத்தி புண்ணாயிடுச்சு, போன் பண்ணேன், அவங்களே எடுத்தாங்க, மெழுகு வச்சு சமாளிங்க காலைல வாங்கன்னாங்க. 20 மாசம் சொன்னது 23 ஆச்சு, நடுவுல நான் ரெண்டு அப்பாயின்ட்மென்ட் பரீட்சை பேப்பர் திருத்துற நேரத்துல விட்டுட்டேன், அதுவும் ஒரு காரணம்.

கழட்டுறதோட முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பல்லு பழைய இடத்துக்குத் திரும்பப் போகப் பாக்கும், அதுவும் நம்ம வயசுல ரீடெய்னர் காலம் பூரா வேணும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. கீழ முன்பல்லுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி ஒட்டியே இருக்கு, சின்ன பிரஷ் வச்சு தினம் சுத்தம் பண்றேன். மேல கழட்டி மாட்டுற பிளேட்டு. அத குடுத்த அன்னிக்கு வாய்ல மாட்டிட்டு "வியாழக்கிழமை வாழைப்பழம்"னு சொல்லிப் பாத்தேன், ழ தடிச்சு வந்துச்சு. டாக்டர் கழட்டி பிளேட்டோட பின் ஓரத்த மெஷின்ல தேய்ச்சு மறுபடி சொல்லச் சொன்னாங்க, இன்னும் சரியில்ல, மறுபடி தேய்ச்சாங்க. வெளிய ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க, நான் போதும் மேடம்னேன், இருங்க டீச்சர்னு மூணாவது தடவையும் தேய்ச்சுக் குடுத்தாங்க, ழ வந்துருச்சு. முதல் ஆறு மாசம் சாப்பிடுற நேரம் தவிர முழுக்க மாட்டச் சொல்லியிருக்காங்க, அது ஜூன்ல முடியுது, அப்புறம் ராத்திரி மட்டும் மாட்டுனா போதும்.